குஞ்சுப் பெட்டிக்கும் ஒரு எல்.ஈ.டி

ஹலோ… ஹலோ, வினோதனே? … ஓம், அக்காதான்… கமலாசனி அக்காதான்ரா, உனக்கு வேறை எத்தினை அக்கா இருக்கு? … ஓமோம், குரல் அடைச்சுத்தான் கிடக்கு. இராத்திரி முழுக்க நித்திரை இல்லை… காய்ச்சல் ஒண்டுமில்லை… நீ இப்ப எங்கை நிக்கிறாய்? … ஏணியிலையோ? இறங்கு. முதல் இறங்கு. கரண்ட் வேலை செய்யிறவன் ஒரு கையிலை போனையும் மற்றக் கையிலை வயரையும் பிடிச்சுக்கொண்டு… இறங்கீட்டியோ? … ஆ. இப்ப கேள்.

உன்னட்டை ஒரு கேள்வி. வயரிங் வேலை செய்யிற ஆள் நீ, உள்ளதைச் சொல்லோணும். இந்த எல்.ஈ.டி பல்ப் எண்டு ஒண்டு இருக்கெல்லோ… ஓம், அதுதான். அதை வீட்டுக்குப் போடலாமோ, கூடாதோ? … போடலாமோ? … கட்டாயம் போடோணுமோ? … ம்… ம்… சரி. இதையேதான் உன்ரை அத்தானும் சொன்னவர். நீயெண்டாலும் மாறிச் சொல்லுவாய் எண்ட ஆசையிலைதான் எடுத்தனான்.

… போடப்போறமோ எண்டோ? எடேய், போட்டு முடிஞ்சுது! நேற்று மத்தியானம் கிளிநொச்சிக்குப் போய் வந்து இறங்கினார். கையிலை ஒரு பெட்டி. மார்கழி மாதமெல்லோ, நான் கேக்காக்கும் எண்டு நினைச்சிட்டன்… சிரிக்காதை. கலியாணம் கட்டி இருவத்திமூண்டு வருசத்திலை ஒருக்காலெண்டாலும் கேக் வேண்டி வரமாட்டாரோ எண்டு ஒரு நப்பாசைதான். திறந்து பாத்தால் பல்ப். பத்துப் பல்ப்! … எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மெழுகுதிரி இருந்திருந்தால் அதுக்கு மேலை கொளுத்தி வைச்சிருப்பன்.

… ஓமோம், அவர்தான் மாத்தினவர். சோறு கூடத் தின்னேல்லை. மேசைக்கு மேலை கதிரை, கதிரைக்கு மேலை உன்ரை அத்தான் ஐயாத்துரை. நான் கதிரைக் காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், மேலையிருந்து எனக்குப் பாடம் நடக்குது… என்னத்தைப் பாடமோ? கமஞ்செய்யிற விவசாயியளின்ரை கூட்டத்திலை ஆரோ வந்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிறதைப் பற்றிக் கதைச்சவையாம். அண்டு தொடக்கம் மனுசன் வேறை ஆள். விறாந்தை, அறை, குசினி, கிணத்தடி, மாட்டுக்கொட்டில்… ஓம், மாட்டுக்கும்தான். பசு முழிச்சபடி நிக்குது.

… வெளிச்சம் நல்லதுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் சாமியறையைப் பாத்தால் ஆசுப்பத்திரி வாட்டு மாதிரிக் கிடக்கு. முருகன் வெளிறிப்போய் நிக்கிறார், ஏதோ மருந்து எடுக்க வந்தவர் மாதிரி. குசினியிலை எண்டால் கூரையிலை தொங்கிற ஒட்டறை முழுக்கத் தெரியுது. உன்ரை அத்தான் அண்ணாந்து பாத்திட்டுக் கேக்கிறார், "உந்த ஒட்டறையை எப்ப கடைசியாய்த் தட்டினனீர்?" எண்டு. கேள்வியைப் பாரன்! பேந்து என்னை ஒருக்காப் பாத்திட்டு, "உமக்கு நரை இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது" எண்டார். நானும் விடேல்லை. "உங்கடை தலை இருக்கேக்கை விறாந்தைக்குப் பல்ப் எதுக்கு, அதுவே மினுங்குது" எண்டன்… ஹா ஹா… ஓம், அதோடை ஆள் கதிரையையும் தூக்கிக்கொண்டு வெளியிலை போயிட்டார்.

இப்ப எங்கை நிக்கிறார் எண்டு நினைக்கிறாய்? மீற்றர் பெட்டிக்குக் கீழை. கதிரையும் போட்டு! உள்ளுக்கை இருக்கிற சில்லு மெள்ள ஆறுதலாய்ச் சுத்துறதைப் பாக்கிறாராம். நேற்றுப் பின்னேரத்திலையிருந்து பாக்கிறார். கலியாண வீட்டிலை என்னைக் கூட அப்பிடிப் பாக்கேல்லை.

… உண்மையாய்த்தானோ? … ஓ… ஒம்பது வோட் எரிஞ்சால் பழைய அறுவது வோட் பல்பின்ரை வெளிச்சம் வருமோ? … அப்ப பழைய பல்ப் அவ்வளவு கரண்டையும் திண்டு என்னடா செய்தது? … சூடோ? … முழுக்கச் சூடாய்த்தான் போறதோ? வெளிச்சம் கொஞ்சூண்டுதானோ? … அட கடவுளே. அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் சூட்டுக்கே பில் கட்டினனாங்கள்? … சரி, சரி, உன்ரை அத்தான்ரை கெட்டித்தனத்தை ஒத்துக்கொள்ளுறன். அவருக்குச் சொல்லிப்போடாதை. கொஞ்ச நாளைக்கு ஆள் நிலத்திலை நடக்கமாட்டார்.

… இல்லையடா, வைச்சிடாதை. நான் எடுத்த அலுவல் இனித்தான் இருக்கு.

என்ரை குஞ்சுகள்… ஓம், கோழிக்குஞ்சு. உனக்குச் சொன்னனானெல்லோ, அஞ்சு நாளைக்கு முன்னம் வவுனியாவிலை போய் வேண்டிக்கொண்டு வந்தனான் எண்டு. நாப்பது குஞ்சு. மடியிலை பெட்டியை வைச்சுக்கொண்டு பஸ்ஸிலை வந்தனான், கொண்டக்டர் அதுகளுக்கும் டிக்கட் கேட்டவர்… சும்மா பகிடிக்குத்தான்… ஓம். நல்லாய் நிண்டதுகளடா. கொத்துறதும் ஓடுறதும், ஒண்டை ஒண்டு தள்ளுறதும். நேற்று இருட்டினாப் பிறகு பிடிச்சதுகள் கத்த. விடிய விடியக் கத்தினதுகள். இப்பவும் கத்துதுகள். பொறு, போனைப் பெட்டியடியிலை பிடிக்கிறன், கேள்…

கேட்டுதோ? … ஓம், அப்பிடித்தான் ஒரு நாள் முழுக்க. விடிய எழும்பிப் பாத்தால் இரண்டு செத்துக் கிடக்கு. மற்றதெல்லாம் ஒரு மூலையிலை குவிஞ்சுபோய் நிக்குதுகள், ஒண்டுக்கு மேலை ஒண்டு. மஞ்சள் தண்ணி வைச்சன். வேப்பிலை வைச்சன். ஒண்டும் தின்னுதுகள் இல்லை.

… நீ மிருக வைத்தியரில்லை எண்டு எனக்குத் தெரியாதோ? நான் ஏன் உனக்கு எடுத்தனான் எண்டால், பெட்டிக்குள்ளையும் உன்ரை அத்தான் புதுப் பல்பைத்தான் பூட்டினவர். எனக்கு அதிலைதான் சந்தேகம். அந்த வெளிச்சம் எனக்கே கண்ணைக் குத்துது, அதுகளின்ரை கண் மிளகு அளவு. நித்திரை வராமல்தான் கத்துதுகள் எண்டு நினைக்கிறன். அவரட்டைச் சொன்னால், "வெளிச்சம் கூடினால் குஞ்சு கெதியாய் வளரும்" எண்டுறார். எந்தக் கூட்டத்திலை சொன்னவையோ தெரியாது… அதுதான் உன்னைக் கேக்கிறன், அந்த வெளிச்சத்திலை ஏதும் நஞ்சு கிஞ்சு…

… என்ன? … திரும்பச் சொல்லு. … பழைய பல்பைத் தொட்டுப் பாத்தனானோ எண்டோ? அதைத் தொட்டால் கை வெந்துபோமேடா. ஆர் தொடுறது… ஓம்… ஓம், அந்த நாலு நாளும் பழைய பல்ப்தான் கிடந்தது… புதுசையோ? புதுசை நான் ஏன் தொடுறன்… சரி, சரி, பொறு. தொட்டுப் பாக்கிறன்.

…

வினோதன்.

… குளிருதடா. போத்திலைத் தொட்ட மாதிரிக் கிடக்கு. அடியிலை மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்… கீழை பரவின உமி எல்லாம் குளிர்ந்துபோய்… ஐயோ.

அப்ப அந்தக் குஞ்சு வித்த பிள்ளை "பெட்டிக்குள்ளை பல்ப் போடுங்கோ அன்ரி" எண்டு சொன்னது வெளிச்சத்துக்கில்லையோ? … சூட்டுக்கோ? … தாய்க்கோழி இல்லாததாலையோ? … எனக்கு என்னெண்டடா தெரியும்! நான் வளர்த்ததெல்லாம் தாய்க்கோழியோடை நிண்ட குஞ்சுகள். அது செட்டையை விரிச்சால் எல்லாம் உள்ளுக்கை போயிடும், நான் திரும்பியும் பாக்கிறேல்லை. தாயில்லாத குஞ்சு இதுதான் முதல் தரம். இருட்டிலை பயப்படுங்கள், அதுதான் பல்ப் போடச் சொல்லுறா எண்டு நினைச்சன்… ஓமடா, மெய்யாய்! அதை ஏன் கேப்பான், இண்டைக்கு விடிய, வெளிச்சம் கூடிப்போச்செண்டு ஒரு துவாயை நனைச்சுப் பல்புக்கு முன்னாலை தொங்கவும் விட்டனான்… ஈரத் துவாய்தான்… நீ பேசாதை. நானே என்னைப் பேசிக்கொண்டிருக்கிறன்.

வீணாய்ப் போற சூடு எண்டு சொன்னியே, அதுதானடா என்ரை குஞ்சுகளுக்குத் தாயாய் இருந்திருக்கு. இரண்டை நானே குளிரிலை சாகவிட்டிட்டன். இப்ப பொழுதும் படப்போகுது. விடியவிருந்து தூறல், வாடைக்காற்று வேறை. இந்த இரவும் போனால் ஒண்டும் மிஞ்சாது…

பொறு. இஞ்சாருங்கோப்பா! இஞ்சாருங்கோ! அந்த மீற்றர் ஓடிப்போகாது, இஞ்சை வாங்கோ! … குஞ்சுக்குச் சூடு காணாதாம். உங்கடை பல்ப் சுடாதாம்… ஓம், அதுதான் அதின்ரை திறமாம், வினோதன் சொல்லுறான்… இப்ப திறத்தைக் கதைக்க நேரமில்லை. நேற்றுக் கழட்டின பழைய பல்ப் எங்கை? … என்ன? … ஆருக்கு?

… வினோதன், கேட்டியோ? பழைய பல்பை எல்லாம் பக்கத்து வளவு மீனம்மாக்காவுக்குக் குடுத்திட்டாராம். தர்மம் செய்திருக்கிறார்… ஓம், எல்லாத்தையும். தான் எல்.ஈ.டிக்கு மாறினதை நாலு பேருக்குச் சொல்ல வேணுமெல்லோ, அதுக்காகக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறார்.

… சந்திக் கடையிலையோ? அங்கை இப்ப எல்லாம் எல்.ஈ.டிதான். போன கிழமை குஞ்சுப் பெட்டிக்கெண்டு நானே கேட்டுப் பாத்தனான், பழசு இனி எடுக்கமாட்டினமாம். கிளிநொச்சிக்குப் போக இனி பஸ்ஸும் இல்லை… லாம்போ? மண்ணெண்ணெய் லாம்பு வைக்கலாமோ? … உமியோ? … ஓம், உமி பத்திச்சுதெண்டால் குஞ்சோடை வீடும் போயிடும். வேண்டாம்… சுடுதண்ணியோ? … ஓ, போத்திலிலை விட்டுச் சீலையாலை சுத்தி… விளங்குது. இஞ்சாருங்கோப்பா, கெற்றிலிலை தண்ணி கொதிக்க வையுங்கோ! … சில்லு ஓடினால் ஓடட்டும், வையுங்கோ!

… அது எவ்வளவு நேரம் நிக்கும்? … ஒரு மணித்தியாலமோ? அப்ப விடிய மட்டும் நான் போத்தில் மாத்திக்கொண்டே இருக்கோணும். பல்ப்தான் வேணும், என்ன?

… அவரைப் போகச் சொல்லுறதோ? சொல்லிப்போட்டன். தலையை ஆட்டுறார். குடுத்த சாமானை என்னெண்டு திருப்பிக் கேக்கிறதாம். வெக்கமாம். பல்பைக் குடுத்து, கரண்ட் மிச்சம் பிடிக்கிறதைப் பற்றியும் அவாவுக்கு அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்திட்டு வந்திருக்கிறார். இப்ப போய் அந்தப் பழைய பல்பைத் தாங்கோ எண்டு கேக்க மூஞ்சை வேணுமெல்லோ.

… நான் போறதோ?

… இல்லையடா, அது… உனக்குத் தெரியாது. நானும் அவாவும் கதையில்லை… ஓம், ஐப்பசியிலையிருந்து. பெரிய சண்டையில்லை. என்ரை கோழியள் வேலிக்குள்ளாலை போய் அவா போட்டிருந்த மிளகாய் நாத்து மேடையைக் கிளறிப்போட்டுதுகள். முளைச்சு நாலு இலை வந்த கண்டுகள்… முழுமேடையும்தான். அவா வந்து சொன்னா. சத்தம் போடேல்லை, சும்மாதான் சொன்னா. நான்தான், "கோழிக்கு எல்லைக்கல்லு தெரியுமோ, வேலியை இறுக்கி அடையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டன்… ஓம், பிழைதான். சொன்ன உடனையே தெரியும் பிழையெண்டு. அவா திரும்பிப் போனா. அண்டு தொடக்கம் கிணத்தடியிலை கண்டாலும் நான் வாளியைப் பாப்பன், அவா வானத்தைப் பாப்பா. இப்ப நான் போய், உங்கடை மேடையைக் கிளறப்போற குஞ்சுகளைக் காப்பாத்தப் பல்ப் தாங்கோ எண்டு கேக்கிறதோ?

… ம்.

… ம்… ஓம், குஞ்சுக்கு எங்கடை கோவம் தெரியாதுதான்.

சரி. போறன். நீ வைச்சிடாதை. நீ காதுக்குள்ளை நிண்டால்தான் எனக்குத் தைரியம்… ஒண்டும் கதைக்காதை, சும்மா நில். இஞ்சாருங்கோப்பா, போத்திலை உள்ளுக்கை வைச்சிட்டுப் பெட்டிக்கு மேலை சாக்கைப் போடுங்கோ. காத்துப் போக ஒரு பக்கம் விடுங்கோ… எங்கை போறனோ? உங்கடை தர்மத்தைத் திருப்பி எடுக்கப் போறன்!

… வினோதன், நிக்கிறியே? … வேலியடிக்கு வந்திட்டன். தூறுது… அவா விறாந்தையிலைதான் இருக்கிறா. மேலை எங்கடை பல்ப் எரியுது, மஞ்சளாய்… என்னைக் கண்டிட்டா. எழும்பிறா. என்னடா சொல்லுறது? … ஓம், பேர் சொல்லிக் கூப்பிடுறன்.

மீனம்மாக்கா… மீனம்மாக்கா, ஓம், நான்தான்… இல்லை, உள்ளுக்கை வரேல்லை, இப்பிடியே நிண்டு… அக்கா, அண்டைக்கு மிளகாய் மேடைக் கதையிலை நான் சொன்னது பிழையக்கா. கோழி என்ரை, பிழையும் என்ரை. அதை அண்டைக்கே வந்து சொல்லியிருக்கோணும். எனக்கு வாய் வரேல்லை… இல்லையக்கா, சொல்ல விடுங்கோ… இப்பவும் என்ரை தேவைக்குத்தான் வந்தனான், அதுதான் இன்னும் வெக்கமாய்க் கிடக்கு. என்ரை குஞ்சுகள்…

… என்னக்கா? … உங்களுக்குத் தெரியுமோ? … இராத்திரி முழுக்கக் கேட்டதோ? … ஓம்… ஓம்… குளிருக்குக் கத்துற கத்தல் எண்டு தெரிஞ்சதோ? … வேலி மட்டும் வந்தனீங்களோ! … வந்திட்டுத் திரும்பிப் போனனீங்களோ… ஐயோ அக்கா, கூப்பிட்டிருக்கலாமே… ஓம். ஓம், நான்தான் முகம் குடுக்கேல்லை. உங்களிலை என்ன பிழை.

… அழேல்லையக்கா. தூறல்.

… வினோதன், அவா எங்கையோ ஏறுறா… மற்றப் பல்புகளைத் தேடாமல் இதையேன்… அக்கா, அதைக் கழட்டாதேங்கோ, உங்கடை விறாந்தை இருட்டாய்ப் போயிடுமே… மற்றதெல்லாம் எரியாதோ? … ஒண்டும் எரியேல்லையோ? இதொண்டுதானோ எரிஞ்சது? … கேட்டியோடா? உன்ரை அத்தான் குடுத்த பல்பிலை மிச்சமெல்லாம் பியூஸ் போனதாம்! செத்த பல்பைத் தர்மம் செய்திருக்கிறார் மனுசன். சாக்கிலை போட்டுக் குலுக்கிக்கொண்டு போனால் உள் இழை அறாமல் கிடக்குமோ… அக்கா, கவனம், சுடும்! முந்தானையாலை பிடியுங்கோ… வாங்கோ, நீங்களும் வாங்கோ. எவ்வளவு உயரத்திலை தொங்கவிடுறதெண்டு எனக்குத் தெரியாது… வாங்கோ அக்கா, இந்த வேலிப் பொட்டுக்குள்ளாலை வாங்கோ. கோழி வந்த வழிதான்.

… நிக்கிறியே வினோதன்? … பொறு, ஐஞ்சு நிமிசம். இஞ்சாருங்கோப்பா, சுவிச்சை நிப்பாட்டுங்கோ… நிப்பாட்டினீங்களோ? … கழட்டுங்கோ உங்கடை மாணிக்கப் பல்பை… ஆ. அக்கா, இப்பிடியோ? … இன்னும் பதிக்கவோ? … ஒரு முழம் காணுமோ? … கையை வைச்சுப் பாக்கிறதோ? எங்கடை கைக்கு இதமாய் இருந்தால் அதுகளுக்கும் இதமோ? … சரி. இப்ப போடுங்கோப்பா சுவிச்சை.

… எரியுது. ஓமடா, எரியுது. கையிலை சூடு தெரியுது… ஒண்டு அசையுது. அந்தக் கறுத்தது… வருது, வருது, பல்புக்குக் கீழை வருது… இன்னொண்டு… குவிஞ்சு நிண்டதெல்லாம் கலையுதுகளடா… ஒண்டு காலை நீட்டிப் படுக்குது, செட்டையை விரிச்சுக்கொண்டு! அக்கா, பாருங்கோ அதை…

இஞ்சாருங்கோ, அந்தப் புதுப் பல்பை ஏன் உள்ளங்கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறியள்? அதைக் கொண்டுபோய் மீனம்மாக்கா வீட்டு விறாந்தையிலை பூட்டுங்கோ… ஓம், இப்பவே. அவா இருட்டிலை போகக்கூடாது… இல்லையக்கா, நீங்கள் மாட்டன் எண்டு சொல்லக்கூடாது. அது குஞ்சுப் பெட்டிக்குத்தான் உதவாது, விறாந்தைக்கு நல்லதாம். என்ரை தம்பி வயரிங் வேலை செய்யிறவன், அவனே சொல்லுறான்… சொல்லுறியெல்லோடா? … ஓம் எண்டுறான் அக்கா. … வகுப்பு எடுக்காமல் பூட்டிப்போட்டு வாங்கோப்பா!

… வினோதன். இப்ப ஒருக்காக் கேள். போனைப் பெட்டியடியிலை பிடிக்கிறன்…

கேட்டுதோ? … ஒண்டும் கேக்கேல்லையோ? … வடிவாய்க் கேள்… ஒரு சத்தமும் இல்லையோ? … எடேய், பதறாதை, ஒண்டும் சாகேல்லை. முப்பத்தெட்டும் கிடக்கு. நித்திரையடா. எல்லாம் நித்திரை.

… ஓம். நானும் இனி ஒரு கண் அயருவன்… ஓமோம், உன்னைத்தான் எப்பவும் நம்பியிருக்கிறன், போடா… சரி, மீனம்மாக்காவுக்குத் தேத்தண்ணி போடோணும், ஐப்பசியிலையிருந்து பாக்கியெல்லோ. நீ ஏணியிலை கவனமாய் ஏறு… என்ன சத்தமோ? அதோ, உன்ரை அத்தான்தான். பூட்டிப்போட்டு வந்து திரும்ப மீற்றரடிக்குப் போயிட்டார். நிண்டு கத்துறார், சில்லு பழையபடி கெதியாய்ச் சுத்துதாம்…

சுத்தட்டும் விடுங்கோப்பா! முப்பத்தெட்டுப் பிள்ளையள் படுத்திருக்குதுகள், சத்தம் போடாதேங்கோ!

… வைக்கிறன்ரா.